சத்தம் வராமலே கேட்கும் காது: வாசகர் கேள்விகள், திகில் எழுத்தாளரின் பதில்கள்

(பகலில் செவித்திறன் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். மீதி நேரத்தில் திகில் கதைகள் எழுதி, பதிப்பகம் எதையும் நாடாமல் தானே வெளியிடுபவர். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

பகலெல்லாம் காது பரிசோதனை, ராத்திரியில் பேய்க் கதை. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. நான் கதை எழுதக் கற்றுக்கொண்டதே அந்தப் பரிசோதனை அறையில்தான். வெளிச்சத்தம் புகாத சின்ன அறை அது. உள்ளே உட்காருகிறவர் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். "எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் கேட்டதும் அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். முதலில் 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு சத்தம். கேட்டுவிட்டதா, அதன் அளவை 10 டெசிபல் இறக்குவேன். கேட்கவில்லையா, 5 ஏற்றுவேன். இப்படி இறக்கி ஏற்றி, அவருக்குக் கேட்கிற கடைசி எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் என்னை ஆரம்பத்திலிருந்தே விடாமல் பிடித்துக்கொண்டது. நான் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே சிலர் பொத்தானை அழுத்துவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அவ்வளவு கவனமாகக் காத்திருக்கிறார்கள், அதனால் இல்லாத சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடுகிறது. பரிசோதனையில் இது இடைஞ்சல். நிறுத்தி, மறுபடி விளக்கிச் சொல்லித்தான் தொடர வேண்டும். கதை எழுதும்போதோ நான் தேடிப் போவதே இந்த இடத்தைத்தான். கதையில் ஒன்றுமே நடக்காத ஒரு வரியில் வாசகர் அந்தப் பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

அந்த அறை சொல்லிக்கொடுத்த இன்னொன்று, இடைவெளி. ஒரே சீராகச் சத்தம் அனுப்பினால் உள்ளே இருப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் காதால் கேட்காமல் கணக்குப் போட்டே அழுத்துவார். அதனால் நீளமாகவும் குட்டையாகவும் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்போம். திகில் கதையில் அத்தியாயத்துக்கு ஒரு அலறல் என்று வைத்தால் இதேதான் நடக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் வாசகர் தாளத்தைப் பிடித்துவிடுவார்.

கதையில் உங்களுக்கு முதலில் தோன்றுவது என்ன? பேயா, ஆளா?

ஒரு பொருள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவலையே சொல்கிறேன். ஒரு வயதான பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். அவர் போட்டிருந்த காதுக் கருவியைப் படுக்கைக்குப் பக்கத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறார். எனக்கு முதலில் வந்தது அந்தக் கருவி மட்டும்தான்.

காதுக் கருவி வைத்திருப்பவர்களின் வீட்டாருக்கு இது தெரியும்: அது ஓடிக்கொண்டிருக்கும்போது கையைக் குவித்து அதன் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று விசில் அடிக்கும். கருவியிலிருந்து வெளியே வரும் ஒலி கையில் பட்டுத் திரும்பி, அதன் மைக்கிலேயே நுழைந்து, மறுபடி பெருகுவதால் வரும் விசில் அது. பழைய மாதிரிக் கருவிகளில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி காற்றால் இயங்குவது. மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்துவிட்டால், உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும், சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

இப்போது பாருங்கள். அவர் இறந்து மாதங்கள் ஆகிவிட்டன. ராத்திரி டிராயருக்குள்ளிருந்து விசில் கேட்கிறது.

இந்த ஒரு வரி பயமுறுத்த வேண்டுமானால், விசில் எதனால் வரும் என்பதும் பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்பதும் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பாடம் எடுத்தது மாதிரியும் இருக்கக் கூடாது. அதனால் முதல் பாதியில் கணவர் உயிரோடு இருக்கிறார். மனைவி அவரைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர் காதில் விசில் அடிக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துபோனதற்கு ஒரு காலைச் சண்டை. வாசகர் இதையெல்லாம் ஒரு தம்பதியின் அன்பாக மட்டுமே படிப்பார். என் உழைப்பில் முக்கால்வாசி இந்தப் பக்கங்களுக்குத்தான் போகிறது. சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று வாசகருக்கு நன்றாகப் பழகிவிட்டால், அது கொஞ்சம் பிசகினாலே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பேயை வர்ணிப்பதற்கு இரண்டு பத்தி போதும்.

உங்கள் கதைகளில் ரத்தமே காணோமே! திகில் என்றால் கொஞ்சமாவது கோரம் வேண்டாமா?

கோரமாக எழுதுகிறவர்களிலும் திறமைசாலிகள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். என் விருப்பம் வேறு. ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியர், அவர் இறந்தபின் 1826-ல் வெளியான ஒரு கட்டுரையில், பீதியையும் கோரத்தையும் இரண்டு எதிரெதிர் உணர்ச்சிகளாகப் பிரித்தார். பீதி மனத்தை விரித்துப் புலன்களை விழிக்க வைக்கிறது, கோரம் அவற்றைச் சுருக்கி உறைய வைக்கிறது என்பது அவர் கருத்து. பீதிக்குத் துணை நிற்பது நிச்சயமின்மை என்றும் சொன்னார். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது, என் அனுபவத்தில் இது அப்படியே பொருந்துகிறது. காட்டிவிட்டால் வாசகர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காட்டாமல் விட்டால் இன்னும் கிட்டே வந்து பார்ப்பார். எனக்கு அவர் கிட்டே வர வேண்டும்.

பேய் இருக்கிறது என்று நம்புகிறீர்களா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

இல்லை. ஆனால் பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களை நம்புகிறேன். அவர்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

விக் டான்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் அனுபவத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ராத்திரி தனியாக இருந்தபோது உடம்பு சில்லிட்டு, பார்வையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது. திரும்பியதும் மறைந்துவிட்டது. வாள்வீச்சு அவருடைய பொழுதுபோக்கு. மறுநாள் தன் வாளைச் சரிசெய்ய இடுக்கியில் மாட்டியபோது அது தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில் புதிதாகப் பொருத்திய ஒரு மின்விசிறி, ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் அந்த அறையையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பொதுவாகக் கேட்காது. விசிறியைச் சரிசெய்ததும் அந்த உணர்வு போய்விட்டது. இதை 1998-ல் ஓர் ஆய்விதழில் எழுதினார். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் இந்த விளக்கம் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது அந்த வாள்தான். ஒரு கதாசிரியர் யோசித்திருந்தால் உருவத்தோடு நின்றிருப்பார். யாரும் தொடாமல் ஒரு வாள் தனியாக நடுங்குவது எவ்வளவு நல்ல காட்சி!

என் அம்மா இறந்து சில மாதங்களில் உங்கள் கதை ஒன்றைப் படித்தேன். இறந்துபோன தாய் வீட்டுக்கு வருகிறாள், மகள் நடுங்குகிறாள். எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா வந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

உங்கள் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், அம்மா. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

1971-ல் வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். துணையை இழந்த 293 பேரிடம் பேசியிருக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார்கள். சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள், சிலர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது துணையாகவே இருந்தது. அதே சமயம் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தவர்களும் உண்டு.

ஆகவே உங்கள் மனம் சொல்வது உண்மை. அன்பானவர் திரும்பி வருவது பயத்துக்குரியதாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கதையில் மகள் தாயைக் கண்டு நடுங்கவில்லை. வந்திருப்பது தாய்தானா என்று உறுதியாகத் தெரியாததால் நடுங்குகிறாள். கதவைத் திறந்தால் ஏமாந்துவிடுவோமோ, திறக்காவிட்டால் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடுவோமோ என்று இரண்டு பக்கமும் தவிக்கிறாள். அவளுக்கு அம்மா மேல் அவ்வளவு ஆசை இல்லாவிட்டால் அங்கே கதையே இல்லை. நான் எழுதிய திகில் கதைகள் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் யாரையாவது விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு வேறு விதமாகப் பயம் எழுத வராது.

சரி, ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். இழப்பைப் பற்றிய கதைகளுக்கு முன்னால் அது என்ன மாதிரிக் கதை என்று இரண்டு வரி போடப் போகிறேன். உங்களைப் போல அந்த நேரத்தில் படிக்க நேர்கிறவர்கள் புத்தகத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். கதை எங்கும் ஓடிவிடாது.

எழுதும்போது உங்களுக்கே பயம் வருமா?

எழுதும்போது வராது, அப்போது கவனமெல்லாம் வாக்கியத்தில் இருக்கும். எழுதியதைக் குரல் பதிவாகக் கேட்கும்போது வரும்.

எப்போது எழுதுகிறீர்கள்? நள்ளிரவில்தானே?

விடியற்காலையில். ராத்திரி எழுதினால் களைப்பு பயம்போலவே வேஷம் போடும். நன்றாக வந்திருப்பதாகத் தோன்றும். காலையில் பார்த்தால் வெறும் இருட்டு, காற்று, ஜன்னல். தூங்கி எழுந்த தெளிவோடு எழுதும்போது ஒரு வரி முதுகில் சில்லிட வைத்தால் அதை நம்பலாம்.

முதல் பிரதியைக் கையால் நோட்டில் எழுதுவேன், வலது பக்கத்தில் மட்டும். இடது பக்கம் அந்தக் காட்சியில் வாசகருக்கு இப்போது என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று குறித்துக்கொள்ள. ஒரே சம்பவத்தை நான்கு விதமாக எழுதலாம்: இருவருக்கும் தெரியும், இருவருக்கும் தெரியாது, வாசகருக்கு மட்டும் தெரியும், பாத்திரத்துக்கு மட்டும் தெரியும். டிராயர் காட்சியை எழுதும்போது நான் அதிகம் யோசித்தது இதைத்தான். பேட்டரி விஷயம் வாசகருக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு அந்தக் கணத்தில் ஞாபகம் வரவில்லை. அவர் சந்தோஷமாக எழுந்து டிராயரைத் திறக்கப் போகிறார். வாசகர் மட்டும் "வேண்டாம்" என்கிறார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

அப்புறம் கணினியில் தட்டச்சு செய்து, முழுவதையும் நானே வாய்விட்டுப் படித்து அலைபேசியில் பதிவு செய்து கேட்பேன். மூச்சு முட்டும் வாக்கியம், ஒரே நீளத்தில் வரிசையாக வரும் வாக்கியங்கள், கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது.

ஏன் பதிப்பகத்துக்குக் கொடுக்காமல் நீங்களே வெளியிடுகிறீர்கள்? இதில் வருமானம் உண்டா?

குறுநாவல் அளவுதான் திகிலுக்கு மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரே இருப்பில் படிக்கலாம், பிடி தளராது. பதிப்பகங்கள் பலவற்றுக்கு அந்த அளவு சங்கடமானது: சிறுகதைக்கு நீளம், நாவலுக்குக் குட்டை. நானே வெளியிட்டால் கதை கேட்கும் நீளத்திலேயே விடலாம். முடிவை மாற்றச் சொல்லவும் ஆளில்லை. என் முடிவுகள் பலவற்றை ஒரு விற்பனைப் பிரிவு ஒத்துக்கொண்டிருக்காது.

வருமானத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அமேசானின் கிண்டில் தளத்தில் விற்கும் மின்னூலில், விலையை அவர்கள் சொல்லும் வரம்புக்குள் வைத்து மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டால் 70 சதவீதம் ஆசிரியருக்கு, இல்லாவிட்டால் 35 சதவீதம். மாதச் சந்தா கட்டிப் படிக்கிறவர்களுக்கும் நூல் போய்ச் சேர வேண்டுமானால், மின்னூலை 90 நாளுக்கு வேறெங்கும் விற்கக் கூடாது. அங்கே எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்பதை வைத்துப் பணம் வரும். ஒரு மாதத்து விற்பனைக்கான பணம் அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அச்சுப் பிரதியை, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அச்சிடும் முறையில் போடலாம். வீட்டில் கட்டுக்கட்டாக அடுக்க வேண்டாம், ஆனால் அச்சுச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவது குறைவு.

எனக்கு ஒரு புத்தகத்தின் வருமானம் அடுத்த புத்தகத்தின் செம்மையாக்கத்துக்கும் அட்டைக்கும் ஆகிறது. வீட்டுச் செலவு சம்பளத்தில் நடக்கிறது. இதனால்தான் எனக்குப் பிடித்த மாதிரி மட்டும் எழுத முடிகிறது. வேலையை விடாதீர்கள். செம்மையாக்குபவருக்குக் கொடுக்கும் காசில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கதையின் அமைப்பைப் பார்க்க ஒருவர், கடைசியில் மெய்ப்புப் பார்க்க இன்னொருவர் என்று இரண்டு பேர் வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு எழுத்துப்பிழை வந்தால் வாசகர் சட்டென்று தன் அறைக்குத் திரும்பிவிடுவார்.

"இருபது பக்கம் ஆகியும் பேய் வரவில்லை" என்று உங்கள் புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தவன் நான். வருத்தமா?

வருத்தமில்லை, நன்றி. என் கதை யாருக்கு ஒத்துவராது என்று மற்றவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்த இருபது பக்கத்தை நான் எடுக்க மாட்டேன். பொறுமை இருக்கும் ஒரு நாளில் இருபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அக்கா, எனக்கு 17 வயது. நான் எழுதிய பேய்க் கதையை யாரோ எடுத்துத் தன் பெயரில் குரல் வீடியோவாகப் போட்டிருக்கிறார். நான் எங்கும் பதிவு செய்யவில்லை. இனி என்ன செய்வது?

மனசு நொந்திருக்கும், தம்பி. முதலில் இதைத் தெரிந்துகொள். கதை உன்னுடையதாக இருக்க எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், எழுதியவருக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும். உலகில் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. உன் கையெழுத்துப் பிரதி, கணினிக் கோப்பின் தேதி, யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வை. அந்த வீடியோவையும் அதன் முகவரி, தேதி தெரியும்படி படம் பிடித்து வை. பிறகு அந்தத் தளத்தில் பதிப்புரிமைப் புகார் கொடுக்கும் படிவம் இருக்கும். வீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து நிரப்பு. அந்த ஆளோடு கருத்துப் பகுதியில் சண்டை போடாதே, உன் நேரம்தான் போகும். அந்த நேரத்தில் அடுத்த கதையை எழுது. பதினேழு வயதில் பிறர் திருடிப் போடும் அளவுக்கு ஒரு கதை எழுதியிருக்கிறாய், அதை எனக்கும் அனுப்பு.

செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பேய்க் கதை எழுதித் தருகிறதே. இனி உங்களுக்கு என்ன வேலை?

காதுக் கருவி விசில் அடித்ததும் சிரித்த கணவன் மனைவியை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதை எழுத வேண்டும் என்ற தவிப்பு எனக்கு இருக்கிறது. அதைச் செய்வதுதான் என் வேலை, வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் வேறு விதமாக முடிவெடுத்தால் உங்கள் இஷ்டம். ஆனால் மறைக்காதீர்கள். கிண்டிலில் நூலை ஏற்றும்போது, அப்படி உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் சொல்ல வேண்டும் என்பது 2023 முதல் விதி. என் அட்டைகளை ஓர் ஓவியர் வரைகிறார். குறுநாவலின் அட்டையில் பாதி திறந்த டிராயர் மட்டும் போதும், உள்ளே எதையும் காட்ட வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்.

ஒரு திகில் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா?

முழு நாவலைப் படிக்க என் வேலை நேரம் இடம் தராது, மன்னிக்க வேண்டும். அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று சொல்கிறேன். உங்களை நன்றாகத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, திகில் கதை விரும்பிப் படிக்கும் மூன்று பேரைப் பிடியுங்கள். காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலோடு கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மூன்று குறிகள் மட்டும் போடச் சொல்லுங்கள்: எங்கே கீழே வைத்தார்கள், எங்கே திரும்ப ஒருமுறை படித்தார்கள், எங்கே அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகித்தார்கள். ஊகம் சரியா தப்பா என்பதையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பிரதிகளும் திரும்பி வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் ஒரே பக்கத்தில் கீழே வைத்திருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பத்துப் பக்கத்தைத் திருத்தத் தொடங்குங்கள்.